ஐம்பதுக்குக் கீழே

லேபில் அவளுக்கு வைத்த பெயர் 'மறுபடி'. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் மறுபடி. ஒரே ரத்தத்தை இரண்டு தடவை சோதித்து இரண்டு எண்ணும் கொஞ்சம் விலகி வந்தால் போதும், "மறுபடி பண்ணு" என்பாள். விளக்கம் கிடையாது. செய்தவர் காலையிலிருந்து நின்றபடி வேலை செய்கிறவரா, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலா, எதுவும் பார்க்க மாட்டாள். அவளோடு மெஷினில் வேலை செய்தவள் இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தி, தடித்த கண்ணாடி போட்டவள். அவளை எல்லோரும் கண்ணாடி என்றே கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு வாய் நீளம்.

"அக்கா வீட்டுக்காரர் பாவம்டி. 'நல்லா இருக்கியா'ன்னு கேட்டாக்கூட, 'மறுபடி கேளுங்க, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாக்கறேன்'னு சொல்வாங்க போல."

அக்கா காதில் விழும். சிரிக்க மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். அவள் புருஷன் பஸ் டிரைவர். ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தவனிடம் கண்ணாடி இதைச் சொல்ல, "ஏம்மா, தப்பா சொல்றே. மூணு தடவை கேக்கச் சொல்வா" என்றான் அவன்.

லேப் இருந்தது டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். மூன்று அறை. முதல் அறையில் சாம்பிள் வாங்குவார்கள், நடு அறையில் மெஷின், கடைசி அறையில் ஓனர். கிணற்றுத் தண்ணீர், பெயிண்ட், மண் என்று எது வந்தாலும் சோதிப்பார்கள். ஆனால் லேபில் அடுப்பு எரிந்தது பேட்டரி ஆலையால்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆலையில் ஈயத்தோடு மல்லுக்கட்டுகிற முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் ரத்தம் ஊதா மூடிக் குழாய்களில், ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும். அந்த ரத்தத்தில் எவ்வளவு ஈயம் என்று சொல்ல வேண்டும். ஐம்பது என்பது கோடு. அதைத் தொட்டவனை ஈயப் பகுதியிலிருந்து எடுத்துக் கிடங்கிலோ வாசலிலோ போட்டாக வேண்டும். ஐம்பதுக்குக் கீழே என்றால் அவன் மறுநாளும் அதே உலைக்கு முன்னால் நிற்பான்.

ஐம்பதுக்குக் கீழே இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பதும் விஷம், முப்பதும் விஷம். ஐம்பது என்பது உடம்பு போட்ட கோடு அல்ல, யாரோ மேஜையைச் சுற்றி உட்கார்ந்து போட்ட கோடு. ஆனால் ஆட்களுக்கு இருந்தது அந்த ஒரு கோடுதான். அது கோணாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

பதினெட்டு வயதில் அங்கே குழாய் கழுவ வந்தவள். பகலில் கழுவினாள், மாலையில் கல்லூரிக்குப் போய்க் கெமிஸ்ட்ரி படித்தாள். அம்மா செத்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. அவனை வளர்த்ததும் இவள்தான். குழாய் கழுவினவள் மெஷினுக்கு வந்தாள், பிறகு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தாள். அதற்கு இருபத்து நாலு வருஷம் ஆனது. லேபின் குவாலிட்டி மேனுவலை எழுதியதும் அவள்தான். கலக்குகிற ஃப்ளாஸ்க், அளக்கிற பிப்பெட் என்று ஒவ்வொரு கண்ணாடிப் பாத்திரத்துக்கும் நம்பர் உண்டு, எதை எடுத்தாலும் அந்த நம்பரை நோட்டில் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து. வெள்ளை மை தடவக் கூடாது. யாரோ ஒருத்தர் வாங்கி வைத்திருந்த வெள்ளை மைப் புட்டியை அவள் ஜன்னல் வழியாக வீச, அது டயர் கடைக்காரன் முதுகில் விழுந்தது. அவன் மாடிக்கு ஏறி வந்து கத்தினான். "மன்னிச்சுக்குங்க, அது இந்தக் கட்டடத்துலயே இருக்கக் கூடாத பொருள்" என்று அவனுக்கும் வகுப்பெடுத்தாள்.

இன்னொரு விதி. ரிசல்ட்டை, சாம்பிள் அனுப்பியவரைத் தவிர யாரிடமும் சொல்லக் கூடாது. ஆலைத் தொழிலாளி ஒருவன் போன் செய்து கெஞ்சினான் என்று அவன் எண்ணைச் சொல்லிவிட்ட முன் அறைக்காரர் ஒருவரை, "நீங்க நாளையிலேருந்து வர வேண்டாம்" என்று அனுப்பச் செய்தவள் அவள். அந்த ஆள் அழுதார். அவள் பேனாவை மூடினாள், அவ்வளவுதான்.

அந்த ஆலையில்தான் தம்பி இருந்தான். ஈயத்தை உருக்கித் தகடாக வார்க்கிற பகுதி. ரத்தக் குழாயில் பெயர் இருக்காது, நம்பர்தான். தம்பியின் நம்பர் எது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

இனி நடந்த தப்பைச் சொல்ல வேண்டும். கேட்டால் சின்னதாகத் தெரியும்.

மெஷின் தானாக எதையும் அறியாது. இவ்வளவு ஈயம் என்று தெரிந்த ஒரு கரைசலை முதலில் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அது மற்றதை அளக்கும். அந்தக் கரைசலுக்கு ஸ்டாண்டர்டு என்று பெயர். மெஷின் ஒழுங்காகப் படித்துக்கொண்டதா என்று பார்க்க, வெளியிலிருந்து வாங்கிய வேறொரு ரத்தத்தைத் தினமும் வைப்பார்கள். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அது எங்கோ வேறு ஊரில், வேறு கையால் செய்யப்பட்டது. அந்நியன் சாட்சி சொல்வது போல. அந்தச் சாட்சி இருபது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருபது சொன்னால்தான் அன்றைய வேலை தொடங்கும்.

ஒரு வருஷம், வாங்கி வைத்திருந்த கன்ட்ரோல் தீர்ந்துபோனது. ஆர்டர் போட்டது துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. ரெண்டு வாரத்துக்குச் சமாளிப்போம் என்று, கறிக்கடையிலிருந்து ஆட்டு ரத்தம் வாங்கி, அதில் தன் ஸ்டாண்டர்டு புட்டியிலிருந்தே அளந்து ஊற்றி, இருபது என்று கணக்குப் போட்டு, சின்னக் குழாய்களில் உறைய வைத்தாள். கறிக்கடைக்காரன், "என்னம்மா, கறி வேணாம் ரத்தம் மட்டும் போதுங்கற ஆளை இப்பதான் பாக்கறேன்" என்றானாம். அந்த ஸ்டாண்டர்டு புட்டியும் அதே வாரம் அவள் கையால் புதிதாகக் கலந்ததுதான்.

யோசித்துப் பாருங்கள். கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று, அதே கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்கிற கதை. ஸ்டாண்டர்டு தப்பாக இருந்தால் கன்ட்ரோலும் அதே அளவு தப்பாக இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப் பேசும். இது அவளுக்குத் தெரியாததா? மேனுவலில் அவளே எழுதி வைத்ததுதான். ரெண்டு வாரம்தானே என்றாள். ரெண்டு வாரம் ஐந்து மாதம் ஆனது. தினசரி கன்ட்ரோல் எண்ணைப் புள்ளி வைத்து வரையும் சார்ட்டு, அந்த ஐந்து மாதமும் நூல் பிடித்தது போல் நேராக வந்தது. அதற்கு முன் அத்தனை நேராக வந்ததே இல்லை. துறைமுகத்தில் நின்ற கன்ட்ரோலுக்காக அவள் பிறகு யாரையும் விரட்டவில்லை. ஓனர் அந்தச் சார்ட்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

ஆலையின் ஆறு மாத ரவுண்டு அந்த ஐந்து மாதத்துக்குள் வந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். ஐம்பதைத் தாண்டியவர்கள் இரண்டே பேர். ஆலை மேனேஜர் லேபுக்கு வாழ்த்துக் கடிதம் அனுப்பினார்.

தம்பி ஆலையில் கொடுத்த ரிசல்ட் சீட்டைக் கொண்டுவந்து காட்டினான்.

"நாப்பத்தேழு! பாத்தியா? போன தடவை நாப்பத்தொம்போது. எறங்கிட்டேன்."

"எங்கிட்ட ஏன்டா காட்டறே? சீட்டை உள்ள வை" என்றாள். ஆனால் பார்த்துவிட்டாள். சந்தோஷமும் பட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அவனுக்கு வயிற்று வலி. சுருட்டிப் பிடித்து முறுக்குகிற வலி. நாலு நாள் வெளிக்குப் போகவில்லை. வாயில் இரும்பை நக்கியது போல ருசி. ஆஸ்பத்திரியில் டாக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார்: "என்ன வேலை பண்றீங்க? ஈயம் டெஸ்ட் பண்ணீங்களா?" தம்பி பெருமையாகச் சீட்டை எடுத்து நீட்டினான். நாற்பத்தேழு. அக்கா வேலை செய்கிற லேப். டாக்டர் தலையாட்டினார். ஈயம் இல்லை என்றால் குடல்வால். வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். எடுத்த குடல்வால் நன்றாகத்தான் இருந்தது. சில சமயம் அப்படி ஆகும் என்றார்கள். ஒரு மாதம் கழித்துத் தம்பி மறுபடி உலைக்கு முன்னால் போய் நின்றான்.

பழைய ஸ்டாண்டர்டு புட்டி காலியானது. புதியதைக் கலக்க வேண்டியது கண்ணாடியின் முறை. கலந்தாள். அந்த ஆட்டு ரத்தக் கன்ட்ரோலை வைத்தாள். இருபது வர வேண்டிய இடத்தில் இருபத்தைந்து வந்தது.

"கையை எங்க வெச்சிருந்தே? மூளையை எங்க வெச்சிருந்தே?"

"ரெண்டும் இங்கதான்க்கா இருந்துச்சு."

"மறுபடி பண்ணு."

இருபத்தைந்து.

"பிப்பெட்டை மாத்தி மறுபடி பண்ணு. அளக்கும்போது வாயை மூடு."

இருபத்தைந்து. மத்தியானம் ஆகிவிட்டது. கண்ணாடி கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. மூணு தடவை, மூணு ஃப்ளாஸ்க்குல பண்ணேன். தப்புன்னா ஒவ்வொரு தடவையும் வேற வேற தப்பால்ல வரணும்? ஒரே தப்பை மூணு தடவை சொட்டு மாறாம பண்ற அளவுக்கு எனக்குத் திறமை இருந்தா நான் ஏன் இங்க இருக்கேன்?"

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். தானே கலந்தாள். கண்ணாடி பக்கத்தில் நின்று பார்த்தாள். மெஷின் மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டு எண்ணைக் காட்டியது. இருபத்தைந்து.

அப்போதுதான் ஐந்து மாதத்துக்கு முந்திய நோட்டை எடுத்தாள். தன் கையெழுத்து. கெட்டியான மூலக் கரைசல் பத்து மில்லி. ஃப்ளாஸ்க் நம்பர் ஏழு. அலமாரிக்குப் போனாள். ஏழாம் நம்பரும் எட்டாம் நம்பரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே கழுத்து, ஒரே மூடி. எட்டு, இருநூற்றைம்பது மில்லி. ஏழு, இருநூறு. இருநூற்றைம்பதில் கரைக்க வேண்டியதை அவள் இருநூறில் கரைத்திருந்தாள். ஸ்டாண்டர்டு ஒன்றேகால் மடங்கு கெட்டியாகிவிட்டது. நீண்டுபோன அளவுகோலால் அளந்தால் எல்லோரும் குட்டையாகத்தான் தெரிவார்கள்.

"எல்லாரையும் ஒண்ணேகாலால பெருக்கணும்" என்றாள் கண்ணாடி. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று அவள் தேடினாள். உடம்பு சரியில்லையா, வீட்டில் சண்டையா, யாராவது நடுவில் கூப்பிட்டார்களா. ஒன்றும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை. கை பக்கத்து ஃப்ளாஸ்க்கை எடுத்தது. நம்பரை மட்டும் விதிப்படி ஒழுங்காக எழுதிவிட்டாள்.

கணக்குப் போட ஐந்து நிமிஷம் போதுமாயிருந்தது. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருந்தவர்கள் பதினேழு பேர். பதினேழு பேரும் நிஜத்தில் ஐம்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். நாற்பத்தேழு என்ற எண் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஐம்பத்தொன்பது.

ஓனர் கெட்டவர் அல்ல. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற, ரத்த அழுத்த மாத்திரை போடுகிற மனுஷன். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"இருபது வருஷமா ஒரு தப்பு பண்ணாதவ நீ."

"பண்ணிட்டேன் சார். ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கணும்."

"அடுத்த ரவுண்டு எப்போ?"

"அஞ்சு வாரம்."

"அப்போ சரியா வந்துடும்ல? அஞ்சு வாரத்துல எவன் சாகப் போறான்? நைசா திருத்திக்கலாம். ஆலை போனா இங்க பன்னெண்டு பேர் தெருவுல நிப்பீங்க. ஆடிட்காரன் வந்தா லைசென்ஸும் போகும்."

"அஞ்சு வாரம் அவங்க ஈயத்தைத்தான் சார் மூச்சா இழுப்பாங்க."

"ஒன் தம்பி அங்க இருக்கான்ங்கறதால சொல்றியா?"

"அவன் இல்லேன்னாலும் சொல்வேன்" என்றாள். அதை அவளே நம்பினாளா என்பது வேறு விஷயம்.

"மேனுவல்ல என்ன போட்டிருக்கு?"

"தப்பு தெரிஞ்ச ரெண்டு நாளுக்குள்ள அனுப்பினவங்களுக்கு எழுத்துல சொல்லணும்."

ஓனர் பெருமூச்சு விட்டார். "பண்ணு."

செய்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு திருத்திய ரிப்போர்ட். ஒவ்வொன்றிலும் கையெழுத்து. தப்புக்கான காரணம் என்ற கட்டத்தில், 'ஃப்ளாஸ்க் மாறியது என்னால். கன்ட்ரோல் அதே புட்டியிலிருந்து தயாரித்தது என்னால்' என்று எழுதினாள். அந்த நேரான சார்ட்டைச் சுவரிலிருந்து இறக்கினாள். ஓனரே காரில் எடுத்துப் போய் ஆலை மேனேஜர் கையில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் பெற்று வந்தார்.

ஒரு வாரம் போனது. தம்பி தினமும் வேலைக்குப் போய் வந்தான். யாரையும் இடம் மாற்றவில்லை. அவள் ஓனரிடம் போய் நின்றாள்.

"மேனேஜர் டிராயர்ல இருக்கு. அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாம்ங்கறார். ஒரே நாள்ல பதினேழு பேரை எடுத்தா வார்ப்புப் பகுதி நின்னுடுமாம்."

"ஆட்களுக்குச் சொல்லலையா?"

"அது அவங்க வேலை. நாம மேனுவல்ல சொன்ன எல்லாத்தையும் பண்ணியாச்சு. இதுக்கு மேல பண்ணணும்னு எந்தப் பக்கத்துல இருக்கு? காட்டு."

எந்தப் பக்கத்திலும் இல்லை. எழுதியவளுக்குத் தெரியாதா? பைலின்மேல் 'முடிந்தது' என்று முத்திரை விழுந்திருந்தது. தரம், தரம் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆடிட்காரன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பாராட்டிவிட்டுத்தான் போவான். பதினேழு பேர் உலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் லேபுக்கு லீவு சொன்னாள். தம்பியின் வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை வீடு. காலை ஷிப்ட் முடித்து வந்து, தம்பி தரையில் குப்புறப் படுத்துத் தலையணையை வயிற்றுக்கு அடியில் திணித்து அழுத்திக்கொண்டிருந்தான். வலி திரும்பி வந்திருந்தது. அவன் பெண்டாட்டி வெந்நீர் பையைச் சுற்றத் துணி தேடிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. பாருங்க இவரை. வெட்டி எடுத்த பெறகும் வலிக்குதுங்கறார். வெட்டினவன் கத்தரிக்கோலை உள்ளயே வெச்சுத் தைச்சுட்டானோ என்னவோ."

அவள் நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் பேச்சு வராது என்று பயந்தாள். ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர், ஒன்றேகால், ஐம்பத்தொன்பது.

தம்பி எழுந்து உட்கார்ந்தான்.

"அஞ்சு மாசம் முன்னாடி நல்லா இருக்குன்னே. இப்ப இல்லைங்கறே. ஒன் மெஷின் என்ன, தண்ணி போட்டுட்டு வேலைக்கு வருதா?"

"மெஷின் இல்லடா. நான்."

"நீ தப்பு பண்ண மாட்டியே! சின்ன வயசுல வாய்ப்பாட்டுல ஒண்ணு தப்பினாலும் மொதல்லேருந்து சொல்ல வெச்சு அடிப்பியே! நாய் மாதிரி நின்னு சொல்லியிருக்கேன்."

"தெரியும்."

அவன் சட்டையைத் தூக்கினான். வயிற்றில் வலப்பக்கம் நாலு விரல் நீளத் தழும்பு, இன்னும் சிவப்பு ஆறவில்லை.

"அப்ப இது எதுக்கு?"

அவள் தழும்பைப் பார்த்தாள். "ஈயத்தாலதான் வலிச்சிருக்கு. நான் போட்ட நம்பரைப் பாத்துட்டு டாக்டர் வேற எடத்துல தேடிட்டார்."

பெண்டாட்டி கையில் இருந்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். "அய்யோ அண்ணி" என்றாள்.

"போயிடு" என்றான் தம்பி.

"போறேன். ஆனா நாளைக்கு நீ வேலைக்குப் போகாதே. இன்னும் பதினாறு பேர் இருக்காங்க. நம்பர்தான் எங்கிட்ட இருக்கு, ஆள் யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்கவங்க நம்பர் அவங்கவங்க சீட்டுல இருக்கும்."

மடித்த காகிதத்தைத் தரையில் வைத்துவிட்டு வந்தாள். பதினேழு நம்பர், பக்கத்தில் பழைய எண், புது எண். மற்றவர்கள் எல்லோரும் தங்கள் எண்ணை ஒன்றேகாலால் பெருக்கிக்கொள்ளவும் என்று அடியில் ஒரு வரி. கீழே தன் முழுக் கையெழுத்து. யாரோ ஒருவர் எழுதியது என்று சொல்ல இடம் வைக்கவில்லை.

தம்பி அந்தக் காகிதத்தை எடுத்துப் போய், ஷிப்ட்டுக்கு உள்ளே போகிறவர்கள் அட்டை குத்துகிற கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினான். அக்காவுக்காகச் செய்தானா, வயிற்றெரிச்சலில் செய்தானா, தெரியாது. ஒட்டினான். ஒரு மணி நேரம் யாரும் உள்ளே போகவில்லை. வரிசையில் நின்றவர்கள் பர்ஸிலிருந்து பழைய சீட்டைத் தேடி எடுத்து நம்பர் பார்த்தார்கள். "யோவ், நீ அம்பத்தெட்டுய்யா!" என்று ஒருவன் கத்தினான். "வாழ்க்கையில மொதல் தடவையா பாஸ் மார்க்குக்கு மேல வாங்கியிருக்கேன்" என்றான் அந்த ஐம்பத்தெட்டு. யாரோ சிரித்தார்கள். பிறகு மீதிப் பேரும் தங்கள் எண்ணைப் பெருக்கத் தொடங்கினார்கள்.

அன்று மத்தியானத்துக்குள் மேனேஜரின் டிராயர் திறந்தது.

பதினேழு பேரில் பதினோரு பேர் நிரந்தரத் தொழிலாளிகள். அவர்களைக் கிடங்குக்கும் தோட்டத்துக்கும் மாற்றினார்கள். தம்பி அதில் ஒருவன். மீதி ஆறு பேர் ஒப்பந்த ஆட்கள். ஒப்பந்தக்காரன் வாசலிலேயே அவர்கள் அட்டையை வாங்கிக்கொண்டான். "ஒடம்பு சரியில்லாதவன வெச்சு நான் என்ன பண்றது? குணமானதும் வா" என்றான். ஆலையில் சங்கம் இருந்தது. பதினோரு பேருக்காகப் பேசியது. ஆறு பேருக்காக வாய் திறக்கவில்லை. அது சங்கத்தின் வெட்கம். இங்கே பூசி மெழுக ஒன்றுமில்லை.

லேப் அவளை நீக்கியது. வாடிக்கையாளரின் ரிசல்ட்டை வெளியாளிடம் சொன்ன குற்றம். கடிதத்தில் மேனுவலின் முப்பத்தோராம் பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அவள் எழுதிய வாசகம், ஒரு எழுத்து மாறவில்லை. கண்ணாடி அவளைப் படி வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். "அக்கா, இனிமே மெஷின்ல யாரு எங்களை..." என்று தொடங்கிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தம்பிக்கு மருந்து ஏற்றினார்கள். வயிற்று வலி நின்றது. ஆனால் ஈயத்தால் இடது கை மணிக்கட்டு தொங்கிப்போய்விட்டது, விரலை மேலே தூக்க முடியவில்லை. வரலாம் வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அவன் அக்காவோடு பேசுவதில்லை. பெண்டாட்டி மட்டும் போன் செய்து, "இன்னைக்குத் தானே சட்டைப் பித்தானைப் போட்டார் அண்ணி, வலது கையால" என்று சொல்வாள்.

அவள் அந்த ஆறு பேரைத் தேடத் தொடங்கினாள். வேலை இல்லை, நேரம் இருந்தது. இப்போது அவர்களுக்குப் பெயரும் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஈயத்துக்கு மருந்து தருகிறார்கள், வந்து பாருங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஒருவன் பெண்டாட்டி கதவைச் சாத்தினாள். ஒருவன் அப்பா, "நீதானா அது" என்று ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். நாலு பேரை எப்படியோ இழுத்துப் போய் ஆஸ்பத்திரி வரிசையில் நிறுத்திவிட்டாள். இரண்டு பேர் வீட்டைக் காலி செய்திருந்தார்கள்.

அதில் ஒருவனை மூன்றாவது மாதம் கண்டுபிடித்தாள். ஊருக்கு வெளியே, ஆறேழு தகரக் கொட்டகைகள். பழைய பேட்டரிகளைக் கோடாலியால் உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்குகிற இடம். போர்டு கிடையாது. புகைபோக்கியும் கிடையாது, புகை கதவு வழியாகவே வந்தது. உள்ளே நாலு பேர், முகத்தில் ஈரத் துணி. வார்ப்பு வேலை தெரிந்தவனுக்கு இங்கே எப்போதும் கிராக்கி. முப்பது வயது இருக்கும் அவனுக்கு. இவளைப் பார்த்ததும் துணியைக் கழுத்துக்கு இறக்கினான்.

"லேபம்மா தானே? வாசல்ல நோட்டீஸ் போட்டவங்க?"

"ஆமாப்பா. ஒன்னைத்தான் தேடறேன். ஒன்னோட எண்ணு அம்பத்தாறு. மூணு மாசம் ஆச்சு. இப்ப வேற மாதிரி இருக்கும், மறுபடி பாக்கணும்."

"இங்க ரத்தம் எல்லாம் எடுக்கறதில்லைம்மா." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். "ஆலையிலயாவது ஊசி குத்தி ஒரு நம்பர் குடுப்பீங்க. தப்போ ரைட்டோ, பாக்கெட்ல வெச்சுக்கலாம். இங்க யாரும் கேக்கறதே இல்ல."

"வயிறு வலிக்குதா?"

"யாருக்குத்தான் வலிக்கல?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு வா. நான் கூட வரேன். வரிசையில நானே நிக்கறேன், நீ ரத்தம் குடுக்கற நேரத்துக்கு வந்தாப் போதும்."

"லீவு போட்டா வேற ஆளைப் போட்டுடுவான்." உள்ளே திரும்பிப் பார்த்தான். "நீங்க நல்லதுதான் பண்ணீங்க. எல்லாரும் சொல்றாங்க. நானும் ஒண்ணும் சொல்லல."

உள்ளேயிருந்து ஒருவன், "ஆறிப் போகுதுடா, பேச்சை முடி" என்று கத்தினான். அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டடம், எந்த மாடி, யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினாள். இன்னொருவனைப் பற்றித் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, வடக்கே எங்கேயோ இதே வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி என்றான். தாளை வாங்கினான். சாம்பல் படிந்த விரல்களால் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதே கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, துணியை மூக்குக்கு ஏற்றினான்.

"வரப் பாக்கறேன்மா" என்று சொல்லிவிட்டுப் புகைக்குள் போனான்.